கம்பளி ஊரின் வாசகர் சங்கம்

சென்ற ஆண்டு தவக்காலத்தின் தொடக்கத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என் நூலடுக்கிலிருந்து 'ஜேன் அயர்' புதினத்தின் சுருக்கத் தமிழ் வடிவத்தை எடுத்துச் சென்றார். அவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். ஆர்டர் நெருக்கும் நாள்களில் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவில் களைத்து வீடு திரும்புகிறவர் எப்போது படிக்கப்போகிறார் என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாம் வாரம், ஞாயிறு திருப்பலி முடிந்ததும், புத்தகத்தோடு வந்து நின்றார்.

“சாமி, இதை எழுதின அம்மாவோட அப்பா சாமியாராமே? முன்னுரையில போட்டிருக்குது. சாமியாருக்கு எப்படிங்க பிள்ளைங்க?”

ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருக்கள் மணம் புரிந்துகொள்ளலாம் என்று விளக்கினேன். ஐயம் தீர்ந்த நிம்மதியும், சுவையான செய்தி ஒன்று கைநழுவிய ஏமாற்றமும் சேர்ந்தே அவர் முகத்தில் தெரிந்தன. பிறகு இன்னொன்று கேட்டார்: “அவங்க இருந்த அந்தச் சாமியார் வீடு இன்னும் இருக்குதுங்களா?”

இருக்கிறது. அது தானாக நிலைத்துவிடவில்லை. வாசகர்கள் கூடி அமைத்த ஒரு சங்கம் அதைக் காத்து நிற்கிறது. அச்சங்கத்தின் வரலாற்றை ஆங்கில இலக்கியம் பயின்றோர் ஒருவகையில் அறிவர். நூலும் சாயமும் தறியும் கூலியுமாக வாழும் நாம் அதை வேறொரு வகையில் அறிந்துகொள்ள இடமுண்டு. ஏனெனில் அது தொடக்கம் முதலே ஒரு நெசவு வட்டாரத்தின் கதை.

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தில், ஹாவர்த் என்னும் சிற்றூர் உள்ளது. பிராட்ஃபோர்டு நகரம் உலகக் கம்பளிச் சந்தையாக வளர்ந்த காலத்தில் அதைச் சூழ்ந்த ஊர்களெல்லாம் நூற்கவும் நெய்யவும் தொடங்கின. ஹாவர்த்தும் அவற்றுள் ஒன்று. 1820-இல் அவ்வூர்க் கோவிலுக்குப் பொறுப்பேற்று வந்தவர் பாட்ரிக் பிராண்ட்டே. அயர்லாந்தில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்து, கல்வியால் உயர்ந்து, குருவானவர். வந்த மறு ஆண்டே மனைவி இறந்தார். ஆறு குழந்தைகளுள் மூத்த பெண்கள் இருவர் 1825-இல் மாண்டனர். எஞ்சிய நால்வரும் கல்லறைத் தோட்டத்தை நோக்கிய அந்தக் குரு இல்லத்தில் தமக்குள் கதை சொல்லி வளர்ந்தனர்.

அவ்வூரில் பலர் வீட்டிலேயே கம்பளி சீவும் தொழில் செய்தனர். அதற்கு அடுப்பு இரவும் பகலும் எரிய வேண்டும். சன்னல்களை அடைத்தே வைக்க வேண்டும். குடிநீர்க் கிணறுகளில் கழிவும் கல்லறை நிலத்தின் கசிவும் கலந்தன. ஊரார் நோயில் மடிவதைக் கண்டு பொறுக்காத பாட்ரிக், பொதுநல வாரியத்துக்கு மனு எழுதினார். ஒருமுறை எழுதியதோடு விட்டவரல்லர். மீண்டும் மீண்டும் எழுதினார். அதன் விளைவாக ஆய்வுக்கு வந்தவர், கணிப்பொறிக்கு முன்னோடியாகக் கருதப்படும் சார்லஸ் பாபேஜின் மகன் பெஞ்சமின் பாபேஜ். 1850-இல் வெளிவந்த அவரது அறிக்கை கூறியது இது: ஹாவர்த்தில் பிறப்போருள் நூற்றுக்கு 41.6 பேர் ஆறு வயதை எட்டுமுன் இறந்தனர். ஊராரின் சராசரி இறப்பு வயது 25.8. அப்படியும் நல்ல தண்ணீர் உடனே வந்துவிடவில்லை. வரி கூடுமே என்று எதிர்த்தோரும் இருந்தனர். நொய்யலின் கரையில் குடியிருந்து, 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாள்களையும், அதனால் வேலையிழந்து நின்ற குடும்பங்களையும், அதற்கு முன்பு பல்லாண்டு காலம் ஆறு நிறம் மாறி ஓடியதையும் கண்ட நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அறிக்கை வந்த வேளையில் அந்த இல்லத்தில் எஞ்சியிருந்தவர்கள் தந்தையும் சார்லட்டும் மட்டுமே. சார்லட், எமிலி, ஆன் ஆகிய மூன்று சகோதரியரும் 1846-இல் ஆண்பெயர் போன்ற புனைபெயர்களில் சொந்தச் செலவில் கவிதை நூலொன்று வெளியிட்டனர். முதலாண்டில் விற்றவை இரண்டே படிகள். மனம் தளராமல் புதினம் எழுதினர். 1847-இல் 'ஜேன் அயர்', 'வுதரிங் ஹைட்ஸ்', 'ஆக்னஸ் கிரே' ஆகிய மூன்றும் மூன்று மாதத்துக்குள் வெளிவந்தன. 1848, 1849 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சகோதரன் பிரான்வெல், எமிலி, ஆன் மூவரும் மறைந்தனர். அத்துயரின் நடுவில் சார்லட் எழுதி முடித்த 'ஷெர்லி' என்னும் புதினத்தைத் திருப்பூர்வாசிகள் தேடிப் படிக்கவேண்டும். புதிய எந்திரங்களால் பிழைப்பை இழந்த துணித் தொழிலாளர்கள் 1812-இல் ஆலைகளைத் தாக்கிய நிகழ்ச்சிகளே அதன் பின்புலம். ஆர்டர் கிடைக்காத ஆலை முதலாளியின் கவலையும், வேலை கிடைக்காத தொழிலாளியின் பசியும் ஒரே கதைக்குள் நிற்கின்றன. முதலாளியிடம் ஆசிரியருக்குப் பரிவு சற்று மிகுதி என்பது என் கருத்து. ஆயினும் இரு பக்கத்தையும் பார்த்திருக்கிறார்.

சார்லட்டும் 1855-இல் இறந்தார். ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்த தந்தை 1861 வரை வாழ்ந்தார். எலிசபெத் காஸ்கெல் எழுதிய சார்லட்டின் வாழ்க்கை வரலாறு 1857-இல் வெளியானது முதல், முன்பின் அறியாதவர்கள் அந்த மலையூருக்கு வந்து கதவைத் தட்டலாயினர். மகளின் கையெழுத்து வேண்டும் என்று கேட்டு எழுதுவோருக்கு அவளுடைய கடிதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தார் முதியவர். அன்பினால்தான் செய்தார். ஆனால், நினைவைக் காப்பதற்கு அன்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவர் மறைந்த ஆண்டே வீட்டுப் பொருள்கள் ஏலம் போயின. சகோதரியர் சுற்றி அமர்ந்து எழுதிய உணவு மேசையும் அவற்றோடு போயிற்று. சார்லட்டின் கணவர் சில பொருள்களை எடுத்துக்கொண்டு அயர்லாந்து திரும்பினார். அடுத்து வந்த குருவானவர் இல்லத்தை நீட்டிக் கட்டினார். 1879-இல் எதிர்ப்புகளை மீறிப் பழைய கோவிலையும் இடித்தார். இலக்கியவாதிகள் இன்றும் அவரை மன்னிப்பதில்லை. ஒழுகும் கூரையும் ஈரம் ஏறிய சுவரும் உள்ள கோவிலை வைத்துக்கொண்டு, முந்தைய குருவின் மகள்களைத் தேடி வருவோருக்கு நாள்தோறும் வழிசொல்லி நின்ற அந்த மனிதர்மேல் எனக்குச் சிறிது இரக்கம் உண்டு. என்றாலும், கோபுரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம்.

இந்நிலையில்தான் 1893 டிசம்பரில் பிராட்ஃபோர்டு நகரில் ஆர்வலர் சிலர் கூடிப் பிராண்ட்டே சங்கத்தை நிறுவினர். அரசாங்கத்தின் ஆணையோ பல்கலைக்கழகத்தின் துணையோ இல்லாமல் வாசகர்கள் தாமே தொடங்கியது அது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, 1895 மே மாதத்தில், ஹாவர்த் கடைத்தெருவின் மேல்முனையில் இருந்த பென்னி வங்கியின் மாடியறையில் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தனர். தொழிலாளர்கள் சில்லறைக் காசைச் சேமித்துப் போட்டுவைக்கும் வங்கி அது! கீழே உழைப்பாளிகளின் சேமிப்பு, மேலே அவர்களது ஊரில் பிறந்த எழுத்தின் சேமிப்பு. அவ்வாண்டு முதலே ஓர் ஏட்டையும் வெளியிடத் தொடங்கினர்; பெயர் மாறி அது இன்றும் ஆய்விதழாக வருகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மாடியறையே சங்கத்தின் உலகம். 1920-களின் இறுதியில் திருச்சபை அந்தப் பழைய இல்லத்தை விற்க முன்வந்தது. விலை மூவாயிரம் பவுன். அதைக் கொடுத்து வாங்கிச் சங்கத்திடம் ஒப்படைத்தவர் சர் ஜேம்ஸ் ராபர்ட்ஸ். அந்த வட்டாரத்திலேயே பிறந்து, சிறுவனாக ஆலை வேலைக்குப் போய், படிப்படியாக உயர்ந்து, சால்ட்டேர் என்னும் பெயர்பெற்ற கம்பளி ஆலைக்கே அதிபரானவர். 1928 ஆகஸ்டில் இல்லம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அதற்கு முன்பே அண்டை மாவட்டமான லங்காஷயரில் வேறொரு ஆலை அதிபரும் பிராண்ட்டே குடும்பத்தின் எழுத்துகளைத் தேடிச் சேர்த்தவர்தாம். வில்லியம் லா என்பது அவர் பெயர். தம் தம்பி ஆல்ஃபிரடுடன் சேர்ந்து, எமிலி தம் கையால் கவிதைகளைப் படியெடுத்த குறிப்பேடு உட்பட, விலைமதிப்பற்ற ஏடுகளைத் தம் மாளிகையான ஹானர்ஸ்ஃபீல்டில் தொகுத்து வைத்தார். அவர் அவற்றைச் சேர்த்திராவிட்டால் அவை சிதறிப்போயிருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், 1930-களுக்குப் பின் அத்தொகுப்பு ஆய்வாளரின் கண்ணிலிருந்தே மறைந்துபோயிற்று. 2021-இல் அது ஏலத்துக்கு வருகிறது என்ற செய்தி வந்தபோதுதான், அவை உயிரோடிருக்கின்றன என்பதே பலருக்குத் தெரிந்தது. நூலகங்களின் நண்பர்கள் அமைப்பொன்று முன்னின்று ஏலத்தை நிறுத்தி, ஒன்றரைக் கோடி பவுன் திரட்டி முழுத்தொகுப்பையும் வாங்கி, பொது நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பகிர்ந்தளித்தது. பிராண்ட்டே ஏடுகளுள் பல ஹாவர்த்துக்குத் திரும்பின. இரண்டு அதிபர்களுக்கும் செல்வம் வந்தது கம்பளியிலிருந்து. இருவருக்கும் பிடித்த எழுத்தாளர்களும் ஒருவரே. ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். மற்றவர் வீட்டில் பூட்டிய கதவு திறக்க ஏறத்தாழ நூற்றாண்டு ஆயிற்று.

சங்கம் இழந்ததை மீட்கப் பட்ட பாடு பெரிது. 1861-இல் ஏலம் போன அந்த மேசை 2015-இல்தான் வீடு திரும்பியது. அதற்கெனத் தேசிய மரபு நிதியம் 5,80,000 பவுன் வழங்கியது. நடுவில் மெழுகுவர்த்தி எரிந்த கருந்தடமும், மைக்கறைகளும், யாரோ ஒரு பிள்ளை செதுக்கிய ஓர் ஆங்கில எழுத்தும் அதில் உள்ளன. அடுத்தது தீப்பெட்டி அளவேயுள்ள ஒரு புத்தகம். 1830-இல், பதினான்கு வயதில், சார்லட் தாமே தைத்து நுண்ணெழுத்தில் எழுதியது. ஆறு புத்தகங்களுள் எஞ்சியவை ஐந்து. நான்கு சங்கத்திடம் இருந்தன. ஐந்தாவதை 2011 ஏலத்தில் பாரிசு நகரத்து நிறுவனம் ஒன்று கூடுதல் விலை கேட்டுக் கொண்டுபோய்விட்டது. அந்நிறுவனம் நொடித்து, 2019-இல் புத்தகம் மீண்டும் ஏலத்துக்கு வந்தது. இம்முறை சங்கம் பொதுமக்களிடம் மடியேந்திற்று. அறக்கட்டளைகளின் கொடையோடு எளிய வாசகர்களின் சிறு காணிக்கையும் சேர, ஆறு இலட்சம் யூரோவுக்குப் புத்தகம் வீடு வந்தது.

ஏழைகள் நிறைந்த உலகில் ஒரு சிறு புத்தகத்துக்கு இவ்வளவு பணமா என்று வாசகர் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். மனு எழுதிய பாட்ரிக்கின் மகளுடைய புத்தகம் என்பதால் அக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. எனக்குக் கிடைத்த விடை முழுமையானதன்று. ஒன்றை மட்டும் சொல்லலாம்: அந்த இல்லம் தனியார் மாளிகையாகப் போயிருந்தால், அதைப் பார்க்கும் உரிமை செல்வருக்கு மட்டுமே இருந்திருக்கும். சங்கம் காத்ததால், அனுமதிச் சீட்டு வாங்கி எந்த ஆலைத் தொழிலாளியும் உள்ளே போகலாம்.

டிக்கன்ஸுக்கு 1902-இலும் ஜேன் ஆஸ்டினுக்கு 1940-இலும் இங்கிலாந்தில் இத்தகைய சங்கங்கள் தோன்றின. இரண்டுமே எழுத்தாளர் வாழ்ந்த வீட்டைக் காப்பதில் முனைந்தவை. அவற்றை இங்கு விரிக்கவில்லை. நம் வட்டாரத்துக்கு வருவோம்.

தாராபுரம் வட்டத்துக் கீரனூரில் 1917-இல் பிறந்தவர் ஆர். சண்முகசுந்தரம். அன்று கோவை மாவட்டம். 2009-இல் பிறந்த திருப்பூர் மாவட்டம் இன்று அவருக்குத் தாய்மண். 1942-இல் வெளியான அவருடைய 'நாகம்மாள்', கொங்கு வேளாண் குடிகளின் வாழ்வை அவர்களுடைய பேச்சிலேயே சொன்ன முதல் புதினம். தமிழில் வட்டார நாவல் என்னும் வகைக்கே முன்னோடி என்பர். கைம்பெண் ஒருத்தி, கணவனின் பங்கு நிலத்தைக் கொழுந்தனிடம் பிரித்துக் கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்த நியாயமான கோரிக்கையை ஊரார் சிலர் தம் பகைக்குக் கருவியாக்க, அது கொலையில் முடிகிறது. நாகம்மாளை நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ ஆசிரியர் ஓரிடத்திலும் தீர்ப்பிடுவதில்லை. ஒப்புரவுத் தொட்டியில் பல்லாண்டு அமர்ந்தவன் என்ற முறையில், அந்த அடக்கம் எவ்வளவு அரிது என்று அறிவேன். 'அறுவடை', 'சட்டி சுட்டது' முதலிய புதினங்களும் அவர் எழுதியவை. விபூதிபூஷணரின் 'பதேர் பாஞ்சாலி' உள்ளிட்ட வங்கப் புதினங்களைத் தமிழுக்குத் தந்தவரும் அவரே. 1977-இல் மறைந்தார்.

அவரை மறதியிலிருந்து காத்தவர்கள் யார் என்று பார்த்தால், இங்கும் வாசகர்களே. க. நா. சுப்ரமண்யம் தம் விமரிசனங்களில் அவரை ஓயாமல் எடுத்துச் சொன்னார். பிற்காலத்தில், அதே கொங்கு மண்ணின் மற்றொரு புதின ஆசிரியரான பெருமாள்முருகன் அவருடைய படைப்புகளை ஆய்ந்து எழுதினார். தனி மனிதர் இருவர், ஒரு பதிப்பாளர், சில சிற்றிதழ்கள் என்று கைமாறிக் கைமாறி வந்த விளக்கு அது.

சங்கமாகக் கூடிச் செய்வதற்கும் நம் பக்கத்தில் முன்மாதிரி உண்டு. திருப்பூர்த் தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் நூல்களுக்குப் பரிசளித்து வந்திருக்கிறது. சுப்ரபாரதிமணியன் 'கனவு' இதழை நடத்தியதோடு, சாயக்கழிவால் மாண்ட நொய்யலை 'சாயத்திரை' புதினத்தில் பதிவு செய்தார். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' பனியன் தொழிலோடு வளர்ந்த ஒரு தலைமுறையின் கதை. கோவையிலோ, எழுத்தாளர் ஜெயமோகனின் வாசகர்கள் சேர்ந்து விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தை அமைத்து, 2010 முதல் ஆண்டுக்கொரு மூத்த எழுத்தாளருக்கு விருதளிக்கின்றனர். முதல் விருது, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை எழுதிய ஆ. மாதவனுக்கு. அடுத்த ஆண்டு கரிசல் நிலத்துப் பூமணிக்கு. பொன்னாடை போர்த்திப் படமெடுத்து அனுப்பிவிடுவதில்லை என்பதே இவ்வட்டத்தில் எனக்குப் பிடித்தது: விருது பெறுபவரின் நூல்களை முன்கூட்டியே படித்துவிட்டு வந்து, அவரை எதிரில் அமர்த்திக் கேள்வி கேட்கின்றனர். 2013-இல் அவ்விருதைப் பெற்றவர் இலங்கை மலையகத்துத் தெளிவத்தை ஜோசப். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை எழுதிய கத்தோலிக்கர். நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பர்? கோவை வாசகர்கள் கேட்டிருந்தனர்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு சொல். தமிழின் முதல் புதினமான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம்மவர், முன்சீப்பாக இருந்தவர், 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் தம் பொருளைக் கொடுத்து ஏழைகளுக்கு உணவளித்தவர். குருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த ஆண்டுகளில் புனித அகுஸ்தினாரை வரிவரியாகக் கற்றோம். வேதநாயகரை யாரும் எங்கள் கையில் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பங்குப் பணிக்கு வந்து பன்னிரண்டாம் ஆண்டில், பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை இல்லாத படி ஒன்று கிடைத்துத்தான் அந்நூலைப் படித்தேன். அவருடைய கீர்த்தனைகளை அதற்கு முன்பே கச்சேரிகளில் கேட்டிருந்தேன் என்பதும், அவற்றை எழுதியவரும் இவரே என்று அப்போது அறியாதிருந்தேன் என்பதும் வெட்கத்தோடு சொல்லவேண்டியவை.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். 'நாகம்மாள்' நூலைக் கொடுத்தனுப்பினேன். 'ஜேன் அயர்' மூன்று வாரம் எடுத்தது. இதை நான்கே நாளில் முடித்துவிட்டார். “எங்க அப்புச்சி பேசற மாதிரியே இருக்குதுங்க சாமி” என்றார். அவருடைய தாய்வழித் தாத்தா காங்கயம் பக்கத்தில் பண்ணையம் பார்த்தவர்; நிலம் பங்குபோட்டதில் வந்த மனத்தாங்கலால்தான் குடும்பம் திருப்பூருக்கு வந்ததாம். இப்போது அவருடன் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் இரு பெண்களும், பேட்லாக் ஓட்டும் நண்பர் ஒருவரும் அந்நூலைப் படித்து முடித்துள்ளனர். மாதத்தில் ஒருநாள், சனிக்கிழமைச் சம்பளம் வாங்கிய கையோடு, பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து பேசுகின்றனர். கொழுந்தன் செய்தது சரியா என்பதில் இன்னும் அவர்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. சென்ற முறை பேச்சு சூடேறி, தேநீர் ஆறிப்போயிற்று.

கீரனூருக்குப் போய் வரவேண்டும் என்று எல்லாரும் சொல்கின்றனர். நாள்தான் அமையவில்லை. அவர்களுக்கு விடுமுறை ஞாயிறு மட்டும். எனக்கோ ஞாயிற்றுக்கிழமைதான் வேலை.